பரமார்த்த குருவும் ஒரு வரியும்

ராத்திரி ஒரு மணிக்கு திருச்சி தூங்கும். காந்தி மார்க்கெட் தூங்காது. லாரிக்குப் பின்னால் லாரி, மூட்டை மேல் மூட்டை, "ஓரம், ஓரம்!" என்று லோடுமேன்களின் அதட்டல். அங்கே ஒரு காய்கறி மண்டிக்கு, லினக்ஸ் கம்ப்யூட்டரில் எடைச்சீட்டு அச்சடிக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதன் பெயரும் 'மண்டி'தான்.

ஒரு நாள் அந்த நேரத்தில் முதலாளியிடமிருந்து போன். "தம்பி, சீட்டு வரலையே. கம்ப்யூட்டர் ஓடுதா, இல்லையா?"

ஸ்ரீரங்கத்தில் படுத்தபடியே அந்த மிஷினுக்குள் நுழைந்தேன். 'பி.எஸ்.' என்று தட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியல் வரும். சுமார் 300 வரி! தூக்கக் கலக்கத்தில் யார் படிப்பது? ஒரு செங்குத்துக் கோடு போட்டு, பட்டியலை அப்படியே 'கிரெப்' பக்கம் தள்ளி, 'மண்டி' உள்ள வரியை மட்டும் காட்டச் சொன்னேன். ஒரு வரி வந்தது.

"ஜம்முனு ஓடுதுண்ணே. பிரிண்டரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனேன்.

காலையில் போனால், பாவம், பிரிண்டரைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை அட்டையில் பென்சிலால் குறித்த கணக்கில், துறையூர்க்காரர் ஒருவரின் 3 மூட்டை கத்திரிக்காய் காணோம். மனுஷர் ஊருக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முதலாளி பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, என் கணக்கில் கழித்துக்கொண்டார். நியாயம்தானே?

நடந்தது இதுதான். புரோகிராம் நள்ளிரவிலேயே படுத்துவிட்டது. நான் பார்த்த வரி, கிரெப்பினுடையது! கிரெப்பும் ஓடுகிற வேலைதான். 'மண்டியைத் தேடு' என்ற அதன் கட்டளையிலேயே 'மண்டி' இருக்கிறது. தேடப் போனவன் தன்னையே கண்டுபிடித்துக்கொண்டு வந்துவிட்டான். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில், ஆற்றைக் கடந்த சீடர்கள் தன்னைத்தானே எண்ண மறந்து, ஓர் ஆள் குறைகிறதென்று அழுவார்களே, அதற்கு நேர் உல்டா. கிரெப்பைக் குறை சொல்லி என்ன பயன்? 1973-ல் பெல் லேப்ஸின் கென் தாம்ப்ஸன் எழுதிய காலத்திலிருந்து, சொன்னதைத்தான் செய்கிறது. நாம் நினைத்ததை அல்ல.

இதற்கு வழக்கமான வைத்தியம், இன்னொரு கிரெப் போட்டு முதல் கிரெப்பை விலக்குவது. போலீஸைப் பிடிக்க இன்னொரு போலீஸ்! எனக்குப் பிடித்தது சதுர அடைப்புக்குறி. உள்ளே இருக்கும் எழுத்துகளில் ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்று அதற்கு அர்த்தம். 'மண்டி'யின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் முதல் எழுத்தான 'எம்'மை மட்டும் அதற்குள் போட்டேன். இருப்பது ஒரே எழுத்து, ஆகவே தேடுவது அதே 'மண்டி'யைத்தான். ஆனால் கிரெப்பின் சொந்த வரியில் எம்முக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே அடைப்புக்குறி குறுக்கே நிற்கிறதல்லவா? பொருந்தாது. ஆள் அவுட்.

அடுத்த வாரம் மறுபடி போன். "தம்பி, ஓடுதா?"

தட்டினேன். ஒரு வரியும் வரவில்லை.

"நின்னு போச்சுண்ணே. அஞ்சு நிமிஷம் குடுங்க. அதுவரைக்கும் கணக்குப்பிள்ளையை நோட்டுல எழுதச் சொல்லுங்க, அட்டையில வேணாம்."