தாம்பரம் லைனில் ஐந்தரைக் கட்டை

மாலை ஐந்து மணிக்கு மேல் குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன் சத்தத்தைத் தாண்டி உள்ளே இரண்டு தெரு நடந்தால் போதும். ஏதாவது ஒரு மாடியிலிருந்து சரளி வரிசை கேட்கும். நான்கைந்து குழந்தைகள், மாயாமாளவகௌளை, முதல் காலம், இரண்டாம் காலம். மூன்றாம் காலம் வந்ததும் ஒருத்தி மட்டும் முந்தி ஓடுவாள். டீச்சர் தொடையில் தாளம் போடும் சத்தம் அப்போது கொஞ்சம் பலமாகும்.

குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற ஊர் குரோம்பேட்டை. அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். காசநோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து மருத்துவமனை தொடங்கிய இடம். மூச்சை நம்பிப் பாடுகிறவர்களுக்கும் இதுவே நல்ல இடமாக இருந்திருக்கும், அந்தக் காற்று அப்படியே இருந்திருந்தால்!

பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். மீட்டர் கேஜ் பாதை 2004 வரை இருந்தது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வீட்டு வாடகை ஏற ஏற, ரயிலை நம்பித் தெற்கே வந்து மனை வாங்கியவர்கள் ஏராளம். பாங்க் உத்தியோகம், அரசு உத்தியோகம். அவர்களோடு வந்தவர்கள்தாம் பாட்டு டீச்சர்கள். பலர் மேடை ஏறியதே இல்லை. வீட்டுக் கூடத்தில் ஒரு ஜமக்காளம், ஒரு சுருதிப் பெட்டி, வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள். தென்சென்னைப் புறநகரின் இசைக் கல்லூரி என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் சாதகம் செய்வது தனிக் கலை. பல்லாவரம், பம்மல், திரிசூலம் எல்லாம் விமானம் தாழப் பறக்கும் ஊர்கள். குழந்தை கீழ் ஸ்தாயியில் நின்று சுருதியோடு சேரப் போகும் நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஒன்று போகும். பிள்ளைகள் நிறுத்துவதில்லை. விமானம் போன பிறகு எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்கிறார்கள். காது அப்படிப் பழகிவிட்டால், பிற்பாடு கச்சேரியில் மைக் கோளாறு ஆனாலும் சுருதி விலகாது என்று ஒரு டீச்சர் சொன்னால் நம்பலாம்.

சுருதி இப்போது பெட்டியில் இல்லை, செல்போனில் இருக்கிறது. 1979-ல் பெங்களூரு ரேடல் நிறுவனம் எலெக்ட்ரானிக் தம்புரா கொண்டுவந்தபோது, கம்பி மீட்டாமல் பாடுவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று ஆப் இல்லாத பாட்டு கிளாஸே கிடையாது. மூன்றாவது மாடி பிளாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு காலை ஐந்தரைக்கு அகார சாதகம் செய்யும் பெண்ணுக்கு வேறு வழியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுத்திருப்பார்.

தாம்பரத்தில் கேட்கும் இசை வேறு. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1837-ல் ஜார்ஜ் டவுனில் பள்ளியாகத் தொடங்கி, 1937-ல் இங்கே வந்தது. 365 ஏக்கர் புதர்க்காடு. உள்ளே புள்ளிமான்கள்கூட உண்டு. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று விடுதிகளுக்கிடையே பாட்டிலும் போட்டி. டிசம்பர் நெருங்கினால் கேரல் ஒத்திகை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள சர்ச்சுகளிலும் இதே கதை. நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. கொயரில் சேரும் பையனுக்கு பீஸ் கிடையாது. சொப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ் என்று நான்கு குரலில் எதில் நிற்க வேண்டும் என்று கொயர் மாஸ்டர் ஒரு தடவை பாடச் சொல்லிப் பார்த்து முடிவு செய்வார்.

அங்கே சிலர் கையில் வைத்திருக்கும் தாளைப் பார்த்தால் கர்னாடக சங்கீதம் படித்தவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஐந்து கோட்டு நொட்டேஷன் இல்லை, வெறும் எழுத்துகள். டோ, ரே, மீ-யின் முதல் எழுத்து. டானிக் சால்ஃபா என்ற முறை. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பியதை மிஷனரிகள் இங்கே கொண்டுவந்தார்கள். நம் ச ரி க ம போலவே, ஆதார சுருதியை எங்கே வைத்தாலும் எழுத்து மாறாது. ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பெண் ‘ஸ ரி க’ என்றும், எதிர்வீட்டுப் பையன் ‘டோ ரே மீ’ என்றும் சாதகம் செய்கிறார்கள். இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

கீபோர்டு, கிட்டார் கிளாஸ் போர்டுகள் தாம்பரம் மேற்கிலும் மேடவாக்கம் ரோட்டிலும் நிறைந்து கிடக்கின்றன. அங்கே பேச்செல்லாம் டிரினிட்டி கிரேடு பற்றித்தான். நூற்றுக்கு 60 பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். மார்க் ஷீட் கைக்கு வருவது நம் பெற்றோருக்குப் பிடித்திருக்கிறது. அதில் தப்பில்லை. ஆனால் கிரேடுக்கு உண்டான மூன்று பாடல்களை மட்டும் வருஷம் முழுக்க வாசித்துவிட்டு, வீட்டுக்கு வந்த மாமா கேட்கும் ஒரு பழைய சினிமாப் பாட்டை வாசிக்கத் தெரியாமல் விழிக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

கர்னாடக சங்கீதம் கற்கும் குழந்தைக்கு முதல் மேடை நவராத்திரிதான். நங்கநல்லூரில் ஒன்பது நாளும் பட்டுப்பாவாடைகள் வீடு வீடாகப் போகும். “ஒரு பாட்டு பாடேன்டி கண்ணா” என்று மாமி கேட்பார். சுண்டல் பொட்டலம் அதற்குப் பிறகுதான். சுருதி கிடையாது, மைக் கிடையாது, பாதியில் குக்கர் விசில் அடிக்கும். ஆனாலும் அம்மா அல்லாத ஒருவர் முன்னால் பாடும் பயம் அங்கேதான் கழல்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 முதல் கலைத் திருவிழாப் போட்டிகள் இருக்கின்றன. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகலாம். கிளாஸுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பையன் பறையோடும் நாட்டுப்புறப் பாட்டோடும் மேடை ஏற அது ஒரு வழி.

பாட்டு படிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போக வேண்டுமென்றால், மாலுக்குப் பதில் கோவூருக்குப் போகலாம். பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகக் குன்றத்தூர். அது சேக்கிழார் பிறந்த ஊர். அங்கிருந்து போரூர் சாலையில் திரும்பினால் கோவூர். அபார்ட்மென்ட்டுகளுக்கு நடுவே சுந்தரேஸ்வரர் கோயில், அம்பாள் சௌந்தராம்பிகை. சென்னையைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களில் இது புதனுக்கு உரியது. கல்விக்கு அதிபதி புதன் என்பதால் பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் உண்டு.

சங்கீதக்காரர்களுக்குக் கோவூர் வேறு காரணத்துக்காக முக்கியம். தியாகராஜர் (1767-1847) திருவையாற்றை விட்டு அதிகம் வெளியே போனவர் அல்லர். அபூர்வமாகக் கிளம்பிய ஒரு யாத்திரையில் சென்னைப் பக்கம் வந்தபோது, கோவூர் சுந்தரேச முதலியார் என்ற செல்வந்தர் தம் ஊருக்கு அழைத்து வந்தார். முதலியாருக்குத் தம்மைப் பற்றி ஒரு பாட்டுப் பாட மாட்டாரா என்று ஆசை இருந்ததாகக் கதை. மனிதர்களைப் பாடாத தியாகராஜர் கோயிலுக்குள் போய், அதே பெயர் கொண்ட சுந்தரேஸ்வரர் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அவைதாம் கோவூர் பஞ்சரத்தினம்.

ஊர் திரும்பும்போது முதலியார் சொல்லாமல் கொள்ளாமல் பல்லக்கில் பணமுடிப்பை வைத்துவிட்டார் என்றும், வழியில் திருடர்கள் வந்தார்கள் என்றும், வில்லோடு இரண்டு இளைஞர்கள் வந்து காப்பாற்றினார்கள் என்றும் இன்னொரு கதை. குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். அந்த இருவர் யார் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஐந்து கீர்த்தனைகளின் ராகங்கள்: சஹானா, கரகரப்பிரியா, பந்துவராளி, கல்யாணி, சங்கராபரணம். பின்னது நான்கும் மேளகர்த்தா ராகங்கள். ஏழு ஸ்வரமும் வரிசையாக ஏறி இறங்கும். வர்ணம் முடித்த பிள்ளைகளுக்கு டீச்சர்கள் பந்துவராளியையும் கல்யாணியையும் தைரியமாக எடுத்துக் கொடுப்பார்கள். சஹானாதான் சோதனை. ஸ்வரங்கள் நேராகப் போகாது, வளைந்து திரும்பும். புத்தகத்தைப் பார்த்துப் பாடினால் சஹானா வரவே வராது. டீச்சர் நூறு தடவை பாடிக் காட்ட வேண்டும், பிள்ளை நூற்றியோராவது தடவை பிடிக்க வேண்டும். கோயில் பிராகாரத்தில் கூட்டமில்லாத மதிய வேளையில் ஒரு பெண் இதைத் தாழ்ந்த குரலில் பாடிப் பார்த்தால், பாட்டு எந்த இடத்துக்காகப் பிறந்ததோ அந்த இடத்திலேயே நிற்கிறோம் என்ற சிலிர்ப்பு அவளுக்கு வராமல் போகாது. கற்கும் பாட்டின் ஊர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பையன்களுக்கு வேறு கஷ்டம். பதின்மூன்று, பதினான்கு வயது வரை ஐந்தரைக் கட்டையில் அக்காவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று குரல் உடையும். மேல் ஷட்ஜத்துக்குப் போனால் கீச்சென்று ஒரு சத்தம். கிளாஸில் பெண்கள் சிரிப்பார்கள். அடுத்த வாரம் வயிற்றுவலி, அதற்கடுத்த வாரம் கிரிக்கெட். பாதிப் பேர் மிருதங்கத்துக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேர் எதற்கும் போக மாட்டார்கள்.

அப்படிப்பட்ட பையனை ஒருநாள் திருவான்மியூருக்குக் கூட்டிப் போக வேண்டும். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை பஸ். அங்கே பறக்கும் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன். ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ரா இப்போது இருப்பது இங்கேதான். கூரை தாழ்ந்த வகுப்பறைகள், பெரிய மரங்கள், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள். பார்வையாளர்களுக்கு அனுமதி உண்டு. நேரத்தை விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

1940-களில் கலாக்ஷேத்ராவுக்குப் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். எம்.டி.ராமநாதன். குரு, டைகர் வரதாச்சாரியார். ராமநாதனுக்குக் குரல் கனம். எல்லோரும் பாடும் சுருதிக்கும் கீழே, ஒரு கட்டைக்கும் கீழே நின்று பாடினார். காலப்பிரமாணமும் அவ்வளவு நிதானம். ரசிகர்களில் பலர் பொறுமையிழந்தார்கள். குரு அந்தக் குரலை மாற்றச் சொல்லவில்லை. சிஷ்யரும் மாற்றவில்லை. அங்கேயே ஆசிரியராக இருந்தார். தாம் இயற்றிய பாடல்களில் ‘வரததாச’ என்று குருவின் பெயரையே முத்திரையாக வைத்தார். 1984-ல் மறைந்தவரின் பதிவுகளை இன்று தேடித் தேடிக் கேட்கிறார்கள். குரல் உடைந்த பையனின் காதில் ஹெட்போனை மாட்டி இதைப் போட்டுவிட்டால் போதும், அறிவுரை தேவையில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை பத்தாம் வகுப்பு. ஜூன் மாதம் பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் செருப்புகள் குறையும். “பப்ளிக் எக்ஸாம் மாமி, ஒரு வருஷம் மட்டும் நிறுத்திக்கறோம்.” அந்த ஒரு வருஷம் பெரும்பாலும் மூன்றாகிவிடும், பிறகு கல்லூரி. ஏழெட்டு வருஷம் கற்று, கீர்த்தனை பாடி, கற்பனாஸ்வரத்தைத் தொடும் நேரத்தில் நின்றுபோகும். டீச்சரும் தடுப்பதில்லை. தடுத்து, பிள்ளைக்கு மார்க் குறைந்தால் யார் பதில் சொல்வது? பெற்றோர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வாரம் இரண்டு மணி நேரம் பாடியதால் பரீட்சையில் தோற்ற பிள்ளையை இந்தத் தெருக்களில் தேடினாலும் கிடைப்பது சிரமம். தாம்பரத்தில் ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கி, மார்கழி சீசனில் ஏதோ ஒரு சபாவின் மதிய ஸ்லாட்டில் முப்பது பேர் முன்னால் பாடும் பெண்களில் பலர் அந்த வருஷத்தை எப்படியோ தாண்டி வந்தவர்கள். மேடைக்கே பணம் கேட்கும் இடங்கள் உண்டு என்ற நெடுநாள் புகாரையும் அவர்கள்தாம் தாண்டி வருகிறார்கள்.

தை மாதம் புஷ்ய பகுள பஞ்சமியை ஒட்டி, புறநகரில் கோயில் மண்டபங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. அன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. டிக்கெட் கிடையாது, ஆடிஷன் கிடையாது. எழுபது வயது மாமியும் ஏழாம் வகுப்புப் பையனும் ஒரே ஜமக்காளத்தில் உட்காரலாம். பாட்டை நிறுத்திய பத்தாம் வகுப்புப் பெண்களும் ‘ஒரு மணி நேரம்தானே’ என்று அம்மாவிடம் கெஞ்சி வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

நாட்டையில் குரல் கொஞ்சம் அடைத்திருக்கும். ஆரபி வரும்போது பழையபடி ஆகிவிடும். நான்காவது வராளி. அதைக் குரு நேரில் சொல்லிக் கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் மனஸ்தாபம் வரும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் பல டீச்சர்கள் கிளாஸில் அதைத் தொடுவதே இல்லை. ஆராதனைக்கு ஆராதனை கேட்டுக் கேட்டுத்தான் வர வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் நான்காவது வரிசையில் இருக்கும் பெண் முன்வரிசை மாமியின் வாயையே பார்த்துக்கொண்டு, தெரிந்த இடத்தில் பலமாகவும் தெரியாத இடத்தில் உதட்டை மட்டும் அசைத்தும் வராளியைப் பாடிக்கொண்டிருப்பாள். போன வருஷத்தைவிட இந்த வருஷம் இரண்டு சரணம் கூடத் தெரியும்.