சோறு இல்லாமல் பினாங்கு

கேஎல் சென்ட்ரலில் பட்டர்வொர்த் ரயில் ஏறியபோது என் பையில் நான்கு அவித்த முட்டை, ஒரு டப்பா பாதாம், இரண்டு வெள்ளரிக்காய், முதல்நாள் இரவு மிஞ்சிய கோழி வறுவல் இருந்தன. பக்கத்து இருக்கை அக்கா உட்கார்ந்ததுமே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். தேங்காய்ப்பால் சோற்று வாசமும் சம்பல் வாசமும் குளிர்சாதனப் பெட்டிக்குள் அப்படியே நின்றன. பயணமோ நான்கு மணி நேரத்துக்கு மேல். நான் முட்டையை உரித்தேன். "டயட்டா தம்பி?" என்று கேட்டார். தலையாட்டினேன். "என் மருமகனும் இப்படித்தான் இருந்தார். ரெண்டு மாசம்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

எனக்கு இது ஐந்தாவது மாதம். வேலையிடத்து மருத்துவச் சோதனையில் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. நீரிழிவுக்கு முந்தைய கட்டம். எடை 96 கிலோ, வயது 36. எங்கள் குடும்பத்தில் இந்த எண்ணைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாது. பெரியப்பாவுக்கு முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழ் எல்லாம் போனது. கடைசி மூன்று ஆண்டுகள் சக்கர நாற்காலியில் இருந்தபடி, தே தாரிக்கில் சீனி குறைவு என்று சண்டை போட்டார். நாட்டில் 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்கள் முன்வரிசையில் நிற்கிறோம்.

சோறு, ரொட்டி, மீ, தோசை, சீனி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தினேன். தமிழில் இதைப் பலரும் பேலியோ என்ற பெயரில் அறிவார்கள். காலையில் நூறு பாதாம் தின்னும் கூட்டம் என்று கேலி செய்வார்களே, அதேதான். உலகத்துக்கு இது புதிதல்ல. லண்டனில் வில்லியம் பாண்டிங் என்ற பெட்டி செய்பவர், ரொட்டியையும் சீனியையும் விட்டு இளைத்த கதையை 1863இலேயே சிறு நூலாக வெளியிட்டுவிட்டார். சவப்பெட்டியும் செய்தவர் என்பதால் அவர் பேச்சுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் வாரம் மூன்று கிலோ இறங்கியது. அது பெரும்பாலும் தண்ணீர் என்று அப்போது எனக்குத் தெரியாது. உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து தீரும்போது அதோடு ஒட்டிய நீரும் வெளியேறுகிறது. நான் கொழுப்புதான் கரைந்துவிட்டது என்று துள்ளினேன். கூடவே தலைவலி, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு, மலச்சிக்கல், காரணமில்லாத கோபம். வெள்ளிக்கிழமை சைவம் பெரிய சோதனை. தவ்ஃபூ, தெம்பே, பன்னீர் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் மாதம் முள் நகரவே இல்லை. அதையும் தாண்டி 85 கிலோவில் வந்து நின்றேன்.

நின்றவன் சும்மா இருந்திருக்கலாம். பழைய கால்சட்டை இடுப்பில் தொங்குவதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "சோற்றை விட்டேன், 11 கிலோ போச்சு. யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்று எழுதினேன். எழுபத்து மூன்று பேர் உள்ள குழு. கைதட்டல் படங்கள் குவிந்தன.

பெரியம்மா கைதட்டவில்லை. அவருக்கு எழுத்து அடிக்க வராது. ஆனால் படத்தைப் பார்த்திருக்கிறார். மறுநாளே சோற்றை நிறுத்தியிருக்கிறார். மாத்திரையை நிறுத்தவில்லை. மெட்ஃபார்மினோடு கிளிக்லசைடும் எடுப்பவர் அவர். அந்த இரண்டாவது மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடலை இன்சுலின் சுரக்க வைத்து இரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாள் காலை ஆயர் ஈத்தாம் சந்தையில், மீன் கடை முன்னால், கை நடுங்கி வியர்த்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். மீன்காரச் சீனர் ஓடிப்போய் ஐஸ் மைலோ வாங்கிவந்து வாயில் வைத்திருக்கிறார். கிளினிக்குக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது, அந்த மைலோவுக்குப் பிறகும் 4.1தான் இருந்திருக்கிறது. நான்குக்குக் கீழே போனால் ஆபத்து என்பார்கள். மைலோவுக்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்காத இரவு இல்லை.

இதை எனக்குச் சொன்னது பெரியம்மா மகள், மூன்று வாரம் கழித்து. "அம்மா உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க" என்றாள். அதனால்தான் இந்த ரயில்.

தைப்பிங் தாண்டியதும் ரயில் புக்கிட் மேரா ஏரியின் குறுக்கே ஓடும். இருபுறமும் தண்ணீர். அதைக் கடந்தால் பாகான் செராய், பாரிட் புந்தார் வயல்கள். 1906இல் முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்துக்கு இந்த ஏரித் தண்ணீர்தான். கண்ணுக்கெட்டிய தூரம் நெல். சோற்றை விட்டவனுக்கு ஜன்னல் ஓரத்தில் இப்படி ஒரு தண்டனை.

அதற்கு அப்பால் நிபோங் தெபால் வரும். ரப்பருக்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் கரும்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்குத்தான் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்து இறங்கினார்கள். சீனி செய்ய வந்த ஜனம். என் பாட்டனுக்குப் பாட்டன் இதில் எந்தத் தோட்டத்தில் இறங்கினார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அரைவயிற்றுக் கூலியில் கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், இப்போது மூன்று வேளையும் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி பிடித்தேன். பாலத்தைவிட எனக்கு ஃபெரிதான் பிடிக்கும். காற்று முகத்தில் அடிக்க, ஜார்ஜ்டவுன் மெதுவாகக் கிட்டே வரும். பெரியம்மா வீட்டுக்கு உடனே போகத் தைரியம் வராமல், வெல்ட் கீயில் இறங்கி லிட்டில் இந்தியா பக்கம் நடந்தேன். குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு எழுந்த மகா மாரியம்மன் கோயில். வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு பக்கம் பலகாரக் கடை, மறுபக்கம் வடை. அப்படியே நடந்தால் செண்டோல், பசெம்போர், சார் குவே தியாவ். பினாங்கில் சோறு, மாவு, சீனி இல்லாத பத்தடி தூரத்தை யாராவது காட்டினால் பரிசு தரலாம்.

பசி தாங்காமல் ஒரு நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்றேன். துறைமுகத்தில் தோளில் காவடிபோலக் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தமிழ் முஸ்லிம்கள் சுமந்து விற்றதால் வந்த பெயர் அது. கண்டார் என்றால் தோள்கம்பு. என் முறை வந்தது.

"நாசி வேண்டாம் அண்ணே. கோழி, சோத்தோங், முட்டை, வெண்டைக்காய், கோபிஸ் மட்டும்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "நாசி இல்லேன்னா அப்புறம் வெறும் கண்டார்தானே தம்பி? கம்பைத் தரவா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடையநல்லூர் வாடை லேசாக வீசும் தமிழ். குழம்பை வெள்ளமாக ஊற்றப்போனவரைக் கொஞ்சமாக நிறுத்தச் சொன்னேன். இனிப்புக் கிச்சாப்பில் வதக்கிய இறைச்சியையும் தவிர்த்தேன். அதில் சீனி ஒளிந்திருக்கும். ஐந்து மாதத்தில் நான் கற்ற பாடம், சோறு கண்ணுக்குத் தெரியும், குழம்புக்குள் இருப்பது தெரியாது. குடிக்க தே ஓ கோசோங். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தேன். 6.4. டயட்டுக்கு முன்னால் ஒரு காலை இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தபோது 10.3 காட்டிய அதே கருவி.

பெரியம்மா ஆயர் ஈத்தாமில் பழைய அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. கதவு திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னடா, காஞ்சு கருவாடாயிட்ட?" என்று கன்னத்தைத் தடவினார். மேசையில் சோறு, மட்டன் பிரட்டல், ரசம், அப்பளம், பாயசம். எனக்காக. நான் வேண்டாம் என்று சொன்னால் பாத்திரம் உள்ளே போகும் சத்தமே வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பசியை அடக்குவது இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறது. பெரியம்மா நீட்டும் கரண்டிக்கு முன்னால் கையை நீட்டி மறிப்பது இன்னும் பழகவில்லை.

"பெரியம்மா, என்னால்தானே நீங்க சந்தையில விழுந்தீங்க?"

"யாரு சொன்னா? வெயிலு. காலையில சாப்பிடல."

"சோத்தை ஏன் விட்டீங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் இருந்த பெரியப்பா படத்தைப் பார்க்காமலே அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அந்த நாற்காலி இன்னும் உள்ள ரூம்லதான் இருக்கு. வித்துடலாம்னு இவ சொல்றா. நான்தான் இருக்கட்டும்னேன். எனக்குத் தேவைப்படும்னு நெனச்சேன். உன் படத்தைப் பாத்ததும், வேண்டாம், வித்துடலாம்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. டயட்டினால் இல்லை. மட்டனையும் ரசத்தையும் சாப்பிட்டேன். பாயசத்தில் ஒரு கரண்டி.

மறுநாள் சனிக்கிழமை. அவருக்கு முன்பதிவு வெள்ளிக்கிழமைதான் என்று நினைத்துத் தள்ளிப்போட்டிருந்தார்கள். நான் விடாமல் ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். மருத்துவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சோற்றைக் குறைப்பது தவறில்லை என்றார். ஆனால் கிளிக்லசைடோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருந்தளவை மாற்றாமல் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால், சர்க்கரை விழுந்துவிடும். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களும் கேட்காமல் இறங்கக்கூடாது. சோதனைகளைப் பார்த்துவிட்டு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். தட்டைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். நம் சுகாதார அமைச்சு சொல்லும் அதே சுக்கு சுக்கு செப்பாரோ. கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, அரைத் தட்டு காய்கறியும் பழமும். "உங்க டயட் உங்களுக்கு. இது இவங்களுக்கு" என்றார்.

வெளியே வந்ததும் பெரியம்மாவுக்கு அந்தக் காகிதத்தில் ஒரே சந்தேகம். "கால் தட்டுன்னா எந்தத் தட்டு? உங்க பெரியப்பா தட்டா, என் தட்டா?" பெரியப்பாவின் எவர்சில்வர் தட்டு கிட்டத்தட்ட ஒரு சுளகு அளவு. சிறிய தட்டு என்று முடிவானது. கைப்பையில் எப்போதும் நான்கைந்து மிட்டாய் இருக்க வேண்டும், நடுங்கினால் உடனே வாயில் போட வேண்டும் என்பதையும் நூறு தடவை சொன்னேன். "உன்னைவிட அந்த மீன்காரனுக்கு நல்லா தெரியும்" என்றார்.

ஞாயிறு அதிகாலை தண்ணீர்மலைக்குப் போனோம். மேலே பாலதண்டாயுதபாணி, 513 படி. போன தைப்பூசத்தில் பாதியிலேயே மூச்சு வாங்கி ஓரமாக உட்கார்ந்தவன் நான். பால்குடம் எடுத்த பாட்டி ஒருவர் என்னைக் கடந்து போனார். பெரியம்மாவுக்கு முட்டி வலி, அடிவாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் ஏறினேன். இருட்டு விலகாத நேரத்திலேயே சீன மாமாக்கள் அரைக்கால்சட்டையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் இரண்டு இடத்தில் நின்றேன், அவ்வளவுதான். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் ஜார்ஜ்டவுன், கடல், அக்கரையில் பட்டர்வொர்த் விளக்குகள். காலுக்குக் கீழே என் சொந்தப் பாதங்கள். இரண்டையும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

அர்ச்சனை முடிந்து கையில் சிறு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது. சாப்பிடாமல் கீழே கொண்டுவந்தேன். பெரியம்மா அதற்குள் ஒரு சீனப் பாட்டியோடு பாசை மலாயில் முட்டி வலி பேசிக்கொண்டிருந்தார். கிண்ணத்தைப் பார்த்ததும், "பிரசாதம் வேண்டாங்கக்கூடாது" என்று விரல் நுனியில் எடுத்துக்கொண்டார். நானும் எடுத்துக்கொண்டேன். மிச்சத்தை அந்தப் பாட்டி மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்.

பிறகு பெரியம்மா தானாகவே கைப்பையைத் திறந்து, நேற்று வாங்கிய கருவியை எடுத்தார். "நீ அந்தப் பக்கம் பாரு" என்றார். பார்த்தேன். ஊசி 'டிக்' என்றது.

"ஏழு புள்ளி எட்டு. நல்லதா, கெட்டதா?"

"பரவாயில்ல பெரியம்மா. எழுதி வைங்க, டாக்டர்கிட்ட காட்டுவோம்."

அவர் ஒரு பழைய நாள்காட்டித் தாளின் பின்புறம் தேதி போட்டு எழுதிக்கொண்டார். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இதை அந்த குரூப்புல போட்டுடாத."