பேத்தாழையில் ஒரு தையல் வாரம்

கிழக்கிலங்கையின் பாசிக்குடாக் கடலில் வெகுதூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். யுத்தம் முடிந்த பிறகு அந்தக் கரையில் ஹோட்டல்கள் வரிசையாக எழும்பின. அவற்றை விட்டு வாழைச்சேனைப் பக்கம் திரும்பினால் பேத்தாழை. நான் தேடிப்போன தையற்கார அக்காவின் வீடு அங்கே ஒரு மணல் ஒழுங்கையில் இருக்கிறது. விறாந்தையில் காலால் மிதிக்கும் பழைய சிங்கர் மெஷின், பக்கத்தில் சீலைகள் நிரம்பிய பசளைப் பைகள், வேலியோரம் கத்தரிக் கன்றுகள்.

மாரி தொடங்கிவிட்டிருந்தது. அவருடைய வாரத்தை வானம்தான் பங்கு பிரிக்கிறது. வெயில் எறித்தால் சீலை தோய்த்துக் காயப்போடுவார். மப்பாக இருந்தால் நாற்று நடுவார். மழை பிடித்துக்கொண்டால் ஊசியை எடுப்பார். நான் இருந்த நாட்களில் இந்த மூன்றுமே ஒரே காலைக்குள் வந்துபோனதும் உண்டு.

பழஞ்சீலைகளை அடுக்கித் தைக்கும் விரிப்புத்தான் முதன்மையான வேலை. பிறர் அனுப்பிய சீலை ஒவ்வொன்றையும் கொதிநீரில் ஊறவைத்து, தோய்த்து, காய்ந்ததும் வாசலில் நின்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறார். இழை நைந்த இடம் வெளுத்துத் தெரியும். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடுகிறார். நைலெக்ஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஒதுக்குகிறார். வியர்வையை உறிஞ்சாது, பிள்ளையின் தோல் புழுங்கிப்போகும் என்கிறார். பருத்தியும் வொயிலும் மட்டும் தேறும்.

அடியில் முழுச்சீலை ஒன்று. நடுவில் ஹோட்டல்கள் கழித்துவிட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பு. மேலே துண்டுகள்: மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் முனைகள், சட்டை வெட்டியதில் மிஞ்சியவை. எல்லாவற்றையும் சீமெந்துத் தரையில் இழுத்து விரித்து, மூலைக்கொரு செங்கல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நூலோடுகிறார். வரிக்கு வரி இரண்டு விரல் இடைவெளி.

“அப்பதான் சுருக்கம் வெளிய போகும் புள்ள. ஓரத்துல தொடங்கினா நடுவுல வயிறு வைக்கும்.”

கர்நாடகத்துச் சித்தி சமூகப் பெண்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களுடைய ‘கவந்தி’ விரிப்பு மூலையில் தொடங்கி ஓரமாகச் சுற்றிச் சுற்றி நடுவை அடையும். துண்டுகளைப் போகப் போக வைத்துத் தைப்பதால் துணியில் சுருக்கம் விழாது. கடைசியில் நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைப் பூவாக வைப்பார்கள். படத்தைக் கைபேசியில் காட்டினேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “மூலைதான் முதல்ல கிழியும். அங்க மடிப்பு கூட வெச்சிருக்காங்க. கெட்டிக்காரியள்” என்றார். நான் அலங்காரம் என்று நினைத்திருந்ததை அவர் உறுதிக்கான வேலையாகப் பார்த்தார். சாயங்காலம் அவர் தைத்துக்கொண்டிருந்த விரிப்பின் மூலையிலும் இரண்டு மடிப்பு ஏறியிருந்தது.

இவ்வளவு வெக்கையான ஊரில் விரிப்பு யாருக்கு? பிள்ளை பெறப் போகிறவர்களுக்கு, தனித்திருக்கும் முதியவர்களுக்கு, வெள்ளத்தில் இடம்பெயர்பவர்களுக்கு. 1978 நவம்பர் 23 சூறாவளியிலிருந்து 2011 ஜனவரி வெள்ளம் வரை மட்டக்களப்பு மாவட்டம் எத்தனையோ இரவுகளைப் பள்ளிக்கூடத் தரையில் கழித்திருக்கிறது. வாடைக்காற்றில் குளிர்ந்த சீமெந்தில் பன்பாயை மட்டும் விரித்துப் படுத்தவர்களுக்குத்தான் அந்த ஈரம் தெரியும்.

இன்னொரு வேலை பள்ளிச் சீருடை. 1993இல் அரசாங்கம் மாணவர்களுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தையற்கூலியைத் தாய்மார்தான் தேட வேண்டும். அது இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அக்கா காசு வாங்காமல் தைக்கிறார். வெள்ளைக் கவுணின் கீழ் மடிப்பு நான்கு விரல் அகலம். அடுத்த வருடம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். ஓட்டமாவடி முஸ்லிம் பிள்ளைகளின் உடைக்கு அங்கிருந்து ஒரு தோழி வெட்டிக் கொண்டுவருகிறார், இவர் மூட்டித் தருகிறார். மிஞ்சும் வெள்ளைத் துண்டு விரிப்புக்குள் போகிறது.

தோள்மூட்டை இரண்டு தரம் ஓட்டுவதைப் பார்த்து, ஏன் என்று கேட்டேன். “காசுக்கு வாங்கின சட்டை பிரிஞ்சா ஆள் திரும்பி வந்து ஏசும். சும்மா வாங்கினவ வரமாட்டா. அதாலதான்.”

நிவாரணம் என்ற பெயரில் சாயம் போன, பொத்தான் இல்லாத துணிகளை மூட்டையாகக் கட்டி அனுப்புகிறவர்கள் எல்லோரும் இந்த வார்த்தையைக் கேட்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. வாங்குபவர் முறையிட முடியாத இடத்தில்தான் கை கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும்.

சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் கிழக்கில் பெண்களுக்கு வாழ்வாதாரம் என்றாலே தையல் மெஷின்தான். மெஷின் வந்த அளவுக்கு வேலை வரவில்லை. தைத்ததை வாங்க ஆள் வேண்டும் என்பதைத் திட்டம் போட்டவர்கள் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். தூசி படிந்து கிடக்கும் மெஷின்களை அயலில் நானே பார்த்தேன். அவற்றில் ஒன்றின் சொந்தக்காரிதான் இப்போது சீருடைக்கு உதவிக்கு வருகிறார்.

தோட்டம் அவருக்குப் பொழுதுபோக்கில்லை; வீட்டுக் கறி அங்கிருந்துதான். கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது. குழி தோண்டி, அடியில் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அதன்மேல் சருகும் ஆட்டெருவும் போட்டுத்தான் கன்று வைக்க வேண்டும். மழைநீரை மட்டை பிடித்துவைத்து மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கிறது. கச்சான் காலத்தில் கிணறு உவர்க்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பேறிக் கிடந்ததை இன்றைக்கும் சொல்கிறார். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது இந்த முற்றம் தடுமாறவில்லை. 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னபோது, இங்கே கத்தரியும் வெண்டியும் ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருந்தன.

பயற்றங்கொடியைப் பந்தலில் கட்ட அவர் கயிறு வாங்குவதில்லை. விரிப்புக்கு உதவாத நைலெக்ஸ் சீலையின் கரையை நீளமாகக் கிழித்துக் கட்டுகிறார். மழையில் உக்காது, தண்டையும் அறுக்காது.

புறப்படும்போது என்ன தேவை என்று கேட்டேன். சீலை எப்படியும் வந்து சேர்ந்துவிடுமாம். நூல், ஊசி, வெள்ளைப் பொத்தான், இலாஸ்டிக் நான்கும் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. நூல் விலை ஏறியதால் சில விரிப்புகள் பாதியில் நிற்கின்றன. அனுப்புகிறவர்கள் பருத்திச் சீலையாகப் பார்த்து, தோய்த்து அனுப்பட்டும் என்றார். கூடவே வெள்ளை நூற்கட்டை இரண்டேனும் வைத்தால் நல்லது.