காற்றில் கவிதை எழுதியவர்: சில்லையூர் செல்வராசன்

திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில் விராலிமலை தாண்டினால் கொடும்பாளூர். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு வானதியின் ஊர் என்றால் சட்டென்று புரியும். பத்தாம் நூற்றாண்டில், சுந்தர சோழன் காலத்தில், இவ்வூர் வேளிர் குலத்தைச் சேர்ந்த சிறிய வேளான் படையோடு ஈழம் போனான். திரும்பவில்லை. 'ஈழத்துப் பட்ட' என்று கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. போரில் இறந்தான் என்று பொருள்.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து ஈழத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது படை அல்ல, குரல்! இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தென் தமிழ்நாடு முழுக்கக் காது கொடுத்துக் கேட்ட காலம் அது. சினிமாப் பாட்டு போட்ட அறிவிப்பாளர்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே வானொலியில் ஒலித்த ஒரு கவிஞரை எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்தான் சில்லையூர் செல்வராசன். 1933 ஜனவரி 25இல் பிறந்தவர். யாழ்ப்பாணத்துச் சில்லாலை என்ற ஊர்தான் பெயருக்கு முன்னால் 'சில்லையூர்' ஆனது. கவிஞர், பத்திரிகையாளர், விமர்சகர், நடிகர், ஒலிபரப்பாளர்... எதை விட்டார் என்று கேட்பதுதான் சுலபம். அதனால்தான் 'பல்கலை வேந்தர்' என்றார்கள். அவரோ தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'தான்தோன்றிக் கவிராயர்'! அந்தப் பெயரிலேயே அவருடைய கிண்டல் தெரிகிறதல்லவா?

1967இல் அவர் எழுதிய 'ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சி' இன்றும் ஆய்வாளர்கள் தேடும் நூல். 'தணியாத தாகம்' என்பதைத் திரைப்படச் சுவடியாக எழுதினார். ஆனால் அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது வானொலித் தொடராகத்தான். கே. எஸ். பாலச்சந்திரன், செல்வராசனின் மனைவி கமலினி போன்றோர் அதில் நடித்தார்கள். கமலினியும் பெயர் பெற்ற ஒலிபரப்பாளர். 2015இல் காலமானார்.

செல்வராசனின் கவிதை காதுக்கு எழுதப்பட்டது. கவியரங்க மேடையில் குரலின் ஏற்ற இறக்கத்தோடு அவர் சொல்லும்போதுதான் அது முழுமை பெற்றது என்பார்கள். அவருடைய பலமும் அதுதான், இழப்பும் அதுதான். புத்தகக் கவிஞனுக்கு அச்சு இருக்கிறது. கொடும்பாளூர் வேளானுக்குக் கல் இருக்கிறது. ஒலிபரப்பாளனுக்கு? ஒலிநாடா அழிந்தால், கேட்டவர்களின் ஞாபகம் மட்டும்தான். கேட்டவர்களுக்கும் வயதாகிறது.

கொடும்பாளூர் மூவர் கோயிலில் மூன்று விமானங்களில் இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். 1995 அக்டோபர் 14இல் மறைந்த செல்வராசனின் அச்சு நூல்களும் அந்த அடித்தளம் மாதிரிதான். மேலே எழுந்து நின்றது அவர் குரல்.

2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் ஈழத்து நூல்களை இலவசமாகத் தருகிறது. அங்கே அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். படிக்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள்: வாய்விட்டுப் படியுங்கள்!