கம்பம் பள்ளத்தாக்கின் மலையரண்

தேனி நகரிலிருந்து கம்பம் நோக்கிச் செல்லும் சாலையில் பயணம் செய்வோர், இருமருங்கிலும் மலைகள் உடன்வருவதைக் கண்டு மகிழ்வர். மேற்கே ஏலமலைத் தொடர் வானளாவி நிற்கின்றது. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும் முகில் போர்த்து விளங்குகின்றன. இடையே நெல்வயல்களும், வாழைத் தோட்டங்களும், தென்னந்தோப்புகளும், திராட்சைப் பந்தல்களும் நிறைந்த கம்பம் பள்ளத்தாக்குப் பரந்து கிடக்கின்றது.

செங்குத்தாக எழுந்து நிற்கும் இக்கரும்பாறைகளைக் காணும் சிறுவர்கள், 'இவை எரிமலைகளோ?' என்று வினவுவதுண்டு. அவ்வினா பொருளற்றதன்று. தபதியாற்றின் அருகே தொடங்கிக் குமரிமுனை நோக்கி ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி, எரிமலைக் குழம்பால் ஆகியதே. சற்றேறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தின் வெடிப்புகள் வழியே பொங்கி வழிந்த குழம்பு, அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. மராட்டிய நாட்டு மலைகள் படிக்கட்டுகளைப் போலத் தோன்றுவதற்கு அவ்வடுக்குகளே காரணமாகும்.

கம்பம் பள்ளத்தாக்கின் மலைகளோ எரிமலையின் மக்கள் அல்ல. அக்குழம்பு பொங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே தோன்றியவை. நிலத்தின் அடியாழத்தில், கடும் வெப்பத்தாலும் பெரும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள் இவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட இப்பாறைகள், மேலிருந்த நிலம் மழையாலும் காற்றாலும் தேய்ந்து அகன்றபின் வெளிப்பட்டன. இவற்றுள் முதன்மையானது சார்னோக்கைட் என்னும் கருங்கல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து, அவர் பெயரையே இக்கல்லுக்குச் சூட்டினார். சென்னையை அடுத்த பரங்கிமலையும் இத்தகைய கல்லால் ஆனதே.

இக்கல் மிகக் கடியது. கடினமாக இருத்தலின் நீரை உறிஞ்சிக் கொள்ளாது. வெடிப்புகளில் மட்டுமே சிறிது நீர் தங்கும். அவ்வாறாயின் மாரி ஓய்ந்த பின்னும் சுருளி அருவிக்கு நீர் வருவது எங்ஙனம்? பாறைமீது மெல்லிய போர்வையெனப் படர்ந்துள்ள மண்ணும், அம்மண்ணைப் பற்றி நிற்கும் காடுமே அதற்குக் காரணம். உதிர்ந்த சருகுகளும் மரங்களின் வேர்களும் மழைநீரைத் தேக்கி வைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு ஈகின்றன. மலைமுகட்டுப் புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் வளரும் சோலைக்காடுகளும் இப்பணியில் ஒன்றுக்கொன்று துணையாகும். சிங்கவால் குரங்கும், இருவாட்சியும், செங்குத்துப் பாறைகளில் அஞ்சாது நடக்கும் வரையாடும் வாழும் இடம் இதுவே.

இம்மலையரண் வாழ்வளிப்பது போலவே மழையைத் தடுக்கவும் செய்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் கொணரும் மழையின் பெரும்பகுதி மேலைச் சரிவிலேயே பெய்துவிடுகின்றது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சம், மலைக்கு அப்பால் பாய்ந்தோடிய பெரியாற்று நீரின் அருமையை நன்கு உணர்த்தியது. பொறியாளர் பென்னிகுயிக்கின் முயற்சியால் அணை கட்டப்பெற்று, 1895-இல் அந்நீர் கிழக்கே திருப்பப்பட்டது. இதற்கென மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கவழி அமைக்கப்பட்டது. கடுங்கல்லைத் தொழிலாளர் உளியும் வெடிமருந்தும் கொண்டு வென்றனர். இன்றும் அந்நீரே பள்ளத்தாக்கின் வயல்களில் பாய்ந்து வையையோடு கலக்கின்றது.

வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வையைக்கோ சுரங்கம் ஏதுமில்லை. அதன் ஊற்றெல்லாம் காடே. காடு அழியின் மண் கரையும். மண் கரையின் எஞ்சுவது நீரைத் தாங்காத கல்லே. அப்பொழுது மழைநாளில் வெள்ளமும் வெயில்நாளில் வெறும் மணலுமே ஆற்றில் காணப்படும். 1959-இல் ஆண்டிப்பட்டிக்கு அருகே திறக்கப்பெற்ற வைகை அணை தேக்கத்தான் வல்லது, பெருக்க வல்லதன்று. மதுரை மக்களின் குடிநீரும் இவ்வணையையே நம்பியிருத்தலின், காட்டின் இழப்பு மலையடிவார மக்களின் இழப்பு மட்டுமன்று.

கோடையில் காய்ந்த புல் ஒரு சிறு பொறியாலும் பற்றிக்கொள்ளும். 2018 மார்ச் 11-ஆம் நாள் குரங்கணி மலையில் மூண்ட தீயில், மலையேறச் சென்றோர் பலர் உயிரிழந்தனர். அத்துயரம் மலையிடத்து நாம் கொள்ள வேண்டிய விழிப்பை நினைவூட்டுகின்றது. 2021-இல் இம்மலைகளின் ஒரு பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. புலியைக் காக்கும் காடு வையையையும் காக்கும்.

எரிமலை சில நாளில் நிலத்தின் தோற்றத்தையே மாற்றவல்லது. கம்பத்தின் மலைகளோ ஓசையின்றிப் பல கோடி ஆண்டுகளாக நிற்கின்றன. பாறையைப் பற்றிய அச்சம் வேண்டா; அது நிலைத்து நிற்கும். அதன்மீது படர்ந்த ஒரு முழ மண்ணுக்கே நம் காவல் வேண்டும். அம்மண் உள்ளவரை பள்ளத்தாக்கில் பயிர் உண்டு. வையையில் நீர் உண்டு.