வெள்ளாவியும் முப்பது டிகிரியும்

எங்கள் வீட்டு கரண்ட் கணக்கு போன முறை 524 யூனிட். நம் ஊரில் 500-க்கும் 501-க்கும் உள்ள தூரம் என்னவென்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2016-இலிருந்து முதல் 100 யூனிட் இலவசம், சரி. ஆனால் இரண்டு மாசத்தில் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் கையை விட்டுப் போய்விடும். ஓடிய 24 யூனிட்டுக்கு மட்டும் காசு கட்டுவதில்லை நாம்.

காரணம் தேடியபோது ஃபிரிட்ஜ் இல்லை, மோட்டார் இல்லை, வாஷிங் மெஷினில் வந்து நின்றது. மருமகள் தினமும் 60 டிகிரியில் போட்டு வந்திருக்கிறாள். கேட்டால், "சுடுதண்ணீல போட்டாத்தானுங்க மாமா அழுக்குப் போகும்" என்றாள். இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொதித்தால்தான் வெளுக்கும் என்பது நம் ரத்தத்திலேயே ஊறின விஷயம். என் சிறுவயதில் ஊர்த்துணியெல்லாம் வெள்ளாவிக்குத்தான் போகும். உவர்மண் கரைசலில் நனைத்து, பானை மேல் அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவிட்டு, விடியக்காலை நொய்யல் கல்லில் அடிப்பார்கள். வேட்டிக்கு ஒரு தனி வாசமே உண்டு.

முப்பத்தோரு வருஷம் சாயப்பட்டறையில் இருந்தவன் என்பதால் சூட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். பாய்லர்காரர்களுக்கு ஒரு மனக்கணக்கு உண்டு: 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு யூனிட். முன்பக்கம் கதவு வைத்த மெஷின் துவைப்புக்கு 15 லிட்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தண்ணீர் 27 டிகிரி. அதை 60-க்கு ஏற்ற 33 டிகிரி. பதினைந்தை முப்பத்துமூன்றால் பெருக்கினால் 495. அரை யூனிட்டுக்கு மேல் தண்ணீருக்கே போச்சு. துணியும் டிரம்மும் சூடாவது தனி. ஒரு நாள் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்று பார்த்தேன். 60-இல் 0.9 யூனிட், பச்சைத்தண்ணீரில் 0.2. டிரம்மைச் சுற்றுகிற மோட்டார் பாவம், அது தின்பது கொஞ்சம்தான்.

சுடுதண்ணீர் தேவைப்பட்ட காலம் பார் சோப்புக் காலம். அதுவும் போர் தண்ணீரின் உப்புக்கு சோப்பு நுரைக்கவே நுரைக்காது. இன்றைய பவுடரிலும் லிக்விடிலும் நொதிகள் சேர்க்கிறார்கள். பட்டறையில் துணியின் பிசிறு எடுக்க நாங்கள் விடுகிற என்சைமும் இதே வகையறாதான். 55 டிகிரியில் அதை வேலை செய்ய விட்டு, வேலை முடிந்ததும் 80-க்கு ஏற்றிக் கொல்வோம். சூடு கூடக்கூட நல்லது என்பது அங்கேயே பொய்.

சாயத்துக்கும் இதே கதை. பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் நூலோடு ஒட்டாத பங்கு கொஞ்சம் எப்போதும் மிஞ்சும். அதை வெளியேற்றத்தான் கடைசியில் கொதிக்கக் கொதிக்க சோப்பிங் கொடுப்பது. விறகு எரித்து நாம் இங்கே 95 டிகிரியில் அலசுவதெல்லாம் வாங்குகிறவர் வீட்டில் சாயம் போகாமல் இருக்கத்தான். பிறகு அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாடு வேறு. 2011 ஜனவரி 28-இல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவில் பட்டறைகள் மூடப்பட்ட மாதங்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இன்று ஆர்.ஓ. போக மிஞ்சும் உப்புநீரையும் ஆவியாக்கித்தான் முடிக்கிறோம், அதற்கும் சூடு வேண்டும். இவ்வளவு எரித்துச் செய்த பனியனை வீட்டில் தினமும் 60-இல் வேகவைத்தால் நிறம் மங்கும், லெக்கின்ஸின் எலாஸ்டிக் தளரும்.

லண்டன் கடைக்காரர்களான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2007-இலேயே 30 டிகிரியில் துவையுங்கள் என்று லேபிளில் போட ஆரம்பித்தார்கள். அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் குழாய்த்தண்ணீர் கை விறைக்கும். 30-க்கு வரவே ஹீட்டர் ஓட வேண்டும். நமக்கு மொட்டைமாடி டேங்க்கில் சித்திரை மத்தியானம் சும்மாவே அதைத் தாண்டிவிடும். சூரியன் கொடுப்பதை விட்டுவிட்டு கரண்ட்டுக்குக் காசு கட்டுவானேன்?

இதையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "தம்பிக்கு வீசிங் இருக்குதுங்களே மாமா, பெட்சீட்டு?" என்றாள். நியாயமான கேள்வி. தூசிப்பூச்சி என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று மெத்தையிலும் தலையணையிலும் இருக்கிறது, மூச்சிரைப்பைக் கிளப்புவது அதுதான். 55 டிகிரிக்கு மேல் போனால்தான் அது சாகும். பேரனின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒரு தடவை 60-இல்தான் போக வேண்டும், "அதுல கணக்குப் பார்க்காதே அம்மிணி" என்று நானே சொல்லிவிட்டேன். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தவர்கள் துணிக்கும் அப்படியே.

மற்றதெல்லாம் பச்சைத்தண்ணீர். பவுடரை மட்டும் ஒரு மக்கில் கரைத்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கறுப்புத் துணியில் திட்டுத் திட்டாக நிற்கும். காலர் அழுக்கைக் கையால் ஒரு தேய்ப்பு. மாசம் ஒரு தடவை துணி போடாமல் மெஷினைச் சூடாக ஓட்டினால் வாடை வராது. ஹீட்டர் குறைவாக ஓடுவதால் அதன் மேல் சுண்ணாம்பு படிவதும் குறையும். போர் தண்ணீர்க்காரர்களுக்கு அது பெரிய லாபம், ஒரு தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பாருங்கள் தெரியும்.

இந்த முறை ரீடிங் எடுத்துப் போனார்கள். 487. ஃபேன் ஓட்டம் குறைந்ததும் அதில் கொஞ்சம் இருக்கலாம். மருமகள் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப இஸ்திரிப் பெட்டிக்கு எத்தனைங்க மாமா ஆகும்?" என்று கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மீட்டர் முன்னால் நிற்க வேண்டும்.