ஆறின எஞ்சின்தான் உண்மை பேசும்

புனேயிலிருந்து நாசிக் போகும் சாலையில் போசரியைத் தாண்டினால் சாக்கன். ஃபோக்ஸ்வாகன் ஆலை 2009 முதல் அங்கே இயங்குகிறது. அங்கே பிறந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, சின்ன உடம்பில் டர்போ எஞ்சினும் ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கொண்ட வண்டி. 2022-ல் அங்கே போலோ உற்பத்தி நின்றது. அதன்பின் நல்ல நிலையில் உள்ள வண்டிக்குக் கிராக்கி கூடியது. ஒப்பேற்றி விற்கும் ஆசையும் கூடியது.

போசரியில் ஒரு பட்டறை. அங்கே பழைய கார்களைப் பார்த்து மதிப்புச் சொல்லும் பெரியவரை எல்லோரும் காகா என்றே கூப்பிடுகிறார்கள். விற்பவர் கொண்டுவந்த வெள்ளை ஜிடியைப் பார்த்ததும் அவர் முதலில் கை வைத்தது பானட்டில். இளஞ்சூடு. "சாயங்காலம் பார்க்கலாம், நன்றாக ஆறட்டும்" என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். சூடான எஞ்சின் பல சத்தங்களை மறைத்துவிடும். ஆறின எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில்தான் தடதடப்பும், ஆயில் எரியும் நீலப் புகையும் வெளிப்படும்.

காத்திருந்த நேரத்தில் பெயின்ட் கனம் பார்க்கும் கருவியை எடுத்தார். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். கதவுகளில் அந்த அளவுதான் காட்டியது. பின்பக்க இடது மூலையில் 400-ஐத் தாண்டியது. உள்ளே பட்டி போட்டிருக்கிறார்கள். உடனே டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி, அடித்தகட்டின் வெல்டிங் புள்ளிகளை விரலால் தடவினார். அவை ஒழுங்காக இருந்தன. "மேல்தோலில்தான் அடி, எலும்பு முறியவில்லை" என்றார். அதற்கு விலையில் கொஞ்சம் குறையும். வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை.

டர்போவுக்குப் போகும் காற்றுக்குழாயைக் கழற்றி, சுழல்தண்டை இரண்டு விரலால் அசைத்தார். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் நகரக் கூடாது. நகரவில்லை.

சாயங்காலம் எஞ்சின் சுத்தமாக உயிர்பெற்றது. சிக்கல் கியரில் தெரிந்தது. நெரிசலில் ஊர்ந்தபோது முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறுகையில் வண்டி நடுங்கியது. இந்த டிஎஸ்ஜியில் இருப்பது உலர் கிளட்ச். எஞ்சினின் மென்பொருளை மாற்றி, அதாவது ரீமேப் செய்து, முறுக்குவிசையைக் கூட்டினால் அந்தச் சுமையையும் அதுதான் தாங்க வேண்டும். ரீமேப் செய்தீர்களா என்று காகா கேட்டார். விற்பவர் தயங்கி ஒப்புக்கொண்டார். ரீமேப் குற்றமில்லை, மறைத்ததுதான் குற்றம் என்று சொல்லி, கிளட்ச் மாற்றும் செலவை விலையில் கழித்தார் காகா.

வேகத்துக்காகச் செய்த காரின் மதிப்பு ஓடிய கிலோமீட்டரில் இல்லை. ஓட்டிய விதத்தில் இருக்கிறது. தரகருக்கு வண்டி கைமாறினால்தான் காசு. காகாவோ, வாங்கு என்றாலும் வேண்டாம் என்றாலும் ஒரே கூலிதான் வாங்குகிறார். அட்வான்ஸ் கொடுக்குமுன் இப்படிப்பட்ட ஒருவருக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால், அந்தக் கூலிதான் உங்கள் மொத்தப் பணத்தையும் காப்பாற்றியிருக்கும்.